சோளக்குருவிக்குச் சொந்த ஊர் எது?

ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகைப் பனி இறங்கத் தொடங்கும் நாட்களில், கோலார் தங்கவயல் வட்டாரத்தில் அந்தி நேரத்து வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி கிடைக்கும். தூரத்தில் கரும்புகை போல ஒன்று எழும்பும். காற்றில்லாத நேரத்திலும் அந்தப் புகை வளையும், நெளியும், சுருங்கிப் பந்தாகும், மறுகணம் விரித்துப் போட்ட ஜமுக்காளம் போலப் பரவும். சயனைடு மேட்டுப் புழுதிதான் கிளம்பிவிட்டதோ என்று முதலில் தோன்றும். புழுதிக்கு ஏது இத்தனை ஒழுங்கு? சற்று நேரத்தில் அது ஏதாவது ஒரு மரக்கூட்டத்தின் மேல் அப்படியே கொட்டிவிடும். பிறகு ஒரே இரைச்சல்!

அவை சோளக்குருவிகள். கஜகஸ்தான், துருக்மேனிஸ்தான், ஈரான், துருக்கி என்று மத்திய ஆசியாவிலும் அதற்கு மேற்கிலும் பிறந்து, பனிக்காலத்தைக் கழிக்க இந்தியாவுக்கு வரும் பறவைகள். கஜகஸ்தானத்துப் புல்வெளியிலிருந்து கோலாருக்கு நேர்கோடு போட்டால்கூட 3,500 கிலோமீட்டர் ஆகும். அவ்வளவு தூரத்தையும் கடந்து வரும் இந்தப் பறவையின் எடை 100 கிராம்கூட இல்லை.

பெயர்கள் பல உண்டு. சோளக் கதிரை ஒரு கை பார்ப்பதால் சோளக்குருவி, சோளப்பட்சி. கூட்டமாய் வந்து சூறையாடுவதால் சூறைக்குருவி. வடநாட்டில் குலாபி மைனா, தில்யர். கன்னடத்தில் குலாபி கப்பக்கி. உண்மையில் இது குருவியே அல்ல, மைனாவின் பங்காளி. உருவமும் நடையும் அசல் மைனாதான். தலை, கழுத்து, இறக்கை, வால் எல்லாம் மினுமினுக்கும் கறுப்பு. முதுகும் வயிறும் மட்டும் இளம் ரோஜா நிறம். தலையில் பின்னோக்கிச் சாய்ந்த கொண்டை. முதல் வருடத்துக் குஞ்சுகளுக்கு இந்த அலங்காரம் ஒன்றும் கிடையாது. மண் நிற உடம்பு, மஞ்சள் அலகு, அவ்வளவே. முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இரண்டையும் வெவ்வேறு ஜாதிப் பறவைகள் என்று சத்தியம் செய்வார்கள்.

பறவை நூல்கள் இதைப் 'பாடும் பறவை' வகையில் சேர்த்திருக்கின்றன. குரல்வளையின் அமைப்பைப் பார்த்து வகுத்த பிரிவு அது. பாட்டைக் கேட்டிருந்தால் சேர்த்திருக்க மாட்டார்கள்! கீச்சு, கரகரப்பு, சளசளப்பு எல்லாம் கலந்த ஒரு சந்தைக்கடைச் சத்தம்தான் இதன் சங்கீதம்.

தேயத் தேயக் கூடும் நிறம்

அக்டோபர், நவம்பரில் தென்னாட்டுக்கு வந்து சேரும்போது பெரிய பறவைகளின் ரோஜா நிறம்கூட மங்கலாகவே தெரியும். புதிதாக முளைத்த இறகுகளின் ஓரங்களில் பழுப்பு நிறம் கரை கட்டினாற்போல இருப்பதே காரணம். பனிக்காலம் முழுவதும் கிளைகளுக்குள் நுழைந்து, உரசி, அலைந்து, அந்தப் பழுப்பு ஓரம் சிறுகச் சிறுகத் தேய்ந்துவிடும். மார்ச் மாதத்தில் உள்ளிருக்கும் ரோஜா நிறம் பளிச்சென்று வெளியே வரும். கல்யாணப் பட்டை உள்ளே உடுத்தி, மேலே பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தது போல! நம் வீட்டுச் சாயத் துணி உழைக்க உழைக்க வெளுக்கும். இந்தப் பறவைக்கு உழைக்க உழைக்க நிறம் கூடுகிறது.

பழத்துக்குப் பின்னால் ஓடும் பிழைப்பு

இது பனிக்காலத்தில் என்ன சாப்பிடுகிறது? பெயரைக் கேட்டவர்கள் சோளம் என்றுதான் சொல்வார்கள். ஆனால், கோலார் போன்ற ஊர்களில் அதன் பெரும்பாலான நாட்கள் பழத்தின் பின்னாலும் பூவின் பின்னாலும் பூச்சியின் பின்னாலும்தான் போகின்றன.

முதலிடம் ஆல், அரசு, அத்தி, இச்சி மரங்களுக்கு. இவற்றுக்குக் காலக்கட்டுப்பாடு கிடையாது. ஒரு மரம் கார்த்திகையில் பழுத்தால், பக்கத்து மரம் தை மாதத்தில் பழுக்கும். எங்கே எது பழுத்திருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதே கூட்டத்தின் வேலை. நூறு ஜோடிக் கண்கள் தேடினால் ஒன்று அகப்படாமல் போகுமா? பழுத்த ஆலமரம் ஒன்று கிடைத்துவிட்டால் பச்சைப்புறா, குயில், சின்னான், நாட்டு மைனா எல்லாம் இருக்கும் பந்தியில் இவையும் வந்து உட்கார்ந்துவிடும். உட்காருவது என்பதுகூடச் சரியல்ல. ஒரு நிமிடம் மொய்க்கும், எங்கோ ஒரு நிழல் அசைந்தால் மொத்தமும் எழும்பும், ஒரு வட்டம் அடித்து மறுபடி விழும். பாதிப் பழம் தரையில் சிந்தும்.

அடுத்தது உண்ணிச்செடி. தங்கவயலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லைன் வீடுகளுக்குப் பின்னாலும், பாழடைந்த பங்களா மதில்களை ஒட்டியும், கவனிப்பாரற்ற மேடு பள்ளங்களிலும் புதர் புதராய் மண்டிக் கிடப்பது அது. அதன் கறுத்த பழங்களைப் பறித்துத் தின்று நாக்கைக் கறையாக்கிக்கொள்ளாத பிள்ளைகள் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார்கள். சோளக்குருவிக்கும் அது பிடித்த பண்டம். கனியை முழுசாய் விழுங்கி, சதையை ஜீரணித்து, விதையைப் பறந்து போன இடத்தில் எச்சத்தோடு போட்டுவிடும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகவும் வேலிக்காகவும் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்தச் செடி, காடு மேடெல்லாம் பரவிக் கால்நடைத் தீவனத்தை அழித்ததில் பழம் தின்னும் பறவைகளுக்கும் பங்கு உண்டு. சோளக்குருவி அதில் ஒன்று. அதற்காக அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், முதலில் ஏற வேண்டியவர்கள் செடியைக் கப்பலில் கொண்டுவந்தவர்கள். சாலையை அகலப்படுத்த ஓரத்து ஆலமரங்களை வெட்டித் தள்ளிவிட்டு, பறவை உண்ணிப்பழம் தின்கிறதே என்று அலுத்துக்கொள்வதிலும் நியாயமில்லை.

கோலார் பட்டுக்குப் பேர் போன மாவட்டம். எங்கு திரும்பினாலும் மல்பெரித் தோட்டம். மல்பெரிக் கனி என்றால் இந்தப் பறவைக்கு உயிர். பஞ்சாபில் சித்திரை வாக்கில் மல்பெரி மரங்கள் பழுக்கும்போது, ஊர் திரும்பும் வழியில் கூட்டம் கூட்டமாய் இறங்கி மரத்தையே மறைத்துவிடும். பாவம், கோலாரில் அதற்கு அந்த யோகம் குறைவு! இங்கே மல்பெரி வளர்ப்பது புழுவுக்கு இலை போட. அடிக்கடி வெட்டிவிடப்படும் செடியில் கனி பழுத்து நிற்க அவகாசம் ஏது?

மாசி பிறந்தால் சாப்பாடு மாறும். இலை உதிர்ந்த இலவ மரங்கள் சிவப்புக் கிண்ணங்களாய்ப் பூத்துக் குலுங்கும் மாதம் அது. முள்முருங்கையும் புரசும் அப்போதே பூக்கும். கிண்ணத்துக்குள் தலையை விட்டுத் தேனைக் குடித்து நிமிரும்போது, நெற்றிக் கறுப்பின் மேல் மகரந்தப் பொடி விபூதி பூசியது போல ஒட்டியிருக்கும். அடுத்த பூவுக்குப் போகும்போது அந்தப் பொடி அங்கே சேரும். இலவங்காய் காய்ப்பதற்கு இப்படிப்பட்ட மைனாக்களும் காக்கைகளும்தான் தூது. அந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கரும்பு இனிக்காது!

இத்தனை இனிப்புத் தின்னும் இந்தக் குலத்துக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. மைனா, ஸ்டார்லிங் குடும்பத்துப் பறவைகளின் குடலில், கரும்புச் சர்க்கரையைப் பிளந்து ஜீரணிக்கும் நொதி இல்லை என்று விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள். பழங்களில் இயற்கையாக இருக்கும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய எளிய சர்க்கரைகள் நேரே ரத்தத்தில் சேர்ந்துவிடும். கரும்புச் சர்க்கரையைக் கொடுத்தால் வயிற்றுப்போக்குதான். எந்தப் பழத்தை நாடுவது, எதை ஒதுக்குவது என்பதில் இந்தக் குடலின் தீர்ப்பும் அடங்கியிருக்கிறது. சிற்றுண்டிக் கடை வாசலில் மைனாவுக்கு ஜிலேபித் துண்டு போடும் தர்மவான்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீண்ட பயணத்துக்கு இந்தச் சிறு உடம்பு எப்படி ஈடுகொடுக்கிறது என்ற கேள்வியும் விஞ்ஞானிகளைக் குடைந்திருக்கிறது. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள், செயற்கைக் காற்றுக் குகை ஒன்றில் சோளக்குருவிகளை மணிக்கணக்கில் பறக்கவிட்டு, எவ்வளவு சக்தி செலவாகிறது, எவ்வளவு தண்ணீர் இழக்கிறது என்று அளந்தார்கள். 2006-ல் அந்த ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. உண்ணிப்பழம் தின்று தங்கவயல் மேட்டில் பறக்கும் பறவைக்கு ஐரோப்பாவில் இவ்வளவு மரியாதை!

கொல்லையில் திருடன்

இனி, பெயருக்குக் காரணமான சோளத்துக்கு வருவோம். விவசாயிகளின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கதிர் பால் பிடித்து முற்றும் சமயத்தில் ஆயிரம் பறவைகள் ஒரு கொல்லையில் இறங்கினால், அரை மணி நேரத்தில் குடும்பத்தின் பல மாத உழைப்பு சக்கையாகிவிடும். வட கர்நாடகத்தில் விஜயபுரா, கலபுரகி பக்கம் பனிக்காலச் சோளம் விளையும் ஊர்களில் இந்தத் தலைவலி பெரிது. பரண் மேல் நின்று கவண் சுழற்றுவதும், தகரத்தைத் தட்டிக் கூச்சல் போடுவதும் அங்கே நெடுநாள் வழக்கம். தினைப்புனம் காத்த வள்ளியின் ஆலோலமும் இந்த ஜாதிச் சத்தம்தான்.

கோலார் பக்கத்துக் கொல்லைகளில் ராகிதான் பிரதானம். அதனால் இங்கே அந்தச் சண்டை அவ்வளவு முற்றுவதில்லை. அறுவடை முடிந்த தாளடியில் இவை இறங்கினால் அது தானியத்துக்காக மட்டுமல்ல. மேயும் மாடுகளின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளையும் பச்சைப் புழுக்களையும் பிடிக்கத்தான். கூட்டம் மேயும் விதமே வேடிக்கை. பின்வரிசைப் பறவைகள் எழும்பி முன்வரிசையைத் தாண்டிப் போய் உட்காரும். அதற்குள் பின்வரிசையாகிவிட்டவை எழும்பித் தாண்டும். உருளை உருண்டு போவது போலக் கூட்டம் முழுக் கொல்லையையும் அலசிவிடும். இப்படி ஆட்டு மாட்டு மந்தையின் பின்னால் நடப்பதைப் பார்த்துத்தான், லத்தீனில் 'மேய்ப்பன்' என்று பொருள்படும் 'பாஸ்டர்' என்ற பெயரை விஞ்ஞானிகள் இதற்குச் சூட்டினார்கள்.

அங்கே காவலன்

இங்கே கல்லெறி வாங்கும் இதே பறவைக்கு, பிறந்த ஊரில் வேறு கதை. மே, ஜூன் மாதங்களில் மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகள் பெருகும். சோளக்குருவியின் பிரசவ காலமும் சரியாக அதுவே. எங்கே வெட்டுக்கிளி அதிகமோ அங்கே ஆயிரக்கணக்கில் கூடி, பாறை இடுக்குகளிலும் கற்குவியல்களிலும் முட்டையிட்டு, குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளியையே ஊட்டி வளர்க்கும். வெட்டுக்கிளி இல்லாத வருடம் அந்த இடத்துக்கு வருவதே இல்லை. சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் 1980-களிலிருந்து கற்களை அடுக்கி, இடுக்கு வைத்துக் கூடு கட்டிக்கொடுத்து இந்தப் பறவையை வரவேற்கிறார்கள். பூச்சிமருந்துச் செலவு மிச்சமாகிறதாம். ஒரு நாட்டில் வீடு கட்டிக்கொடுக்கிறார்கள், இன்னொரு நாட்டில் தகரம் தட்டுகிறார்கள். பறவை ஒன்றுதான்.

வெட்டுக்கிளி என்றதும் 2020-ஆம் ஆண்டு மே மாதம் நினைவுக்கு வரும். பாலைவன வெட்டுக்கிளிகள் ராஜஸ்தானிலிருந்து கிளம்பி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை வந்துவிட்டன என்ற செய்தியில் தென்னாடே கலங்கியிருந்த சமயம். தங்கவயலுக்கு அதிகத் தொலைவில்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனப்பள்ளி அருகே, நேரலகிரியில் எருக்கஞ்செடிகளில் வண்ணப் பூச்சிகள் கூட்டமாய் மொய்த்ததைக் கண்டு ஜனங்கள் பதறினார்கள். அதிகாரிகள் வந்து பார்த்து, அவை எருக்கிலை தின்னும் உள்ளூர் வெட்டுக்கிளிகளே, பயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அந்த மே மாதத்தில் சோளக்குருவிகள் இங்கே இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், கற்குவியல்களில் அடைகாத்துக்கொண்டு, வெட்டுக்கிளியைத்தான் தின்றுகொண்டிருந்தன.

அந்தி ஷிப்ட்

பகலெல்லாம் சிறு கூட்டங்களாய்ப் பிரிந்து பல கிலோமீட்டர் சுற்றளவில் இரை தேடும் பறவைகள், பொழுது சாய்ந்ததும் ஒரே இடத்தில் வந்து சேரும். நேரே தங்கும் மரத்துக்கு வந்துவிடுவதில்லை. முதலில் மின்கம்பி, மொட்டை மரம் என்று அக்கம்பக்கத்தில் கூடும். பிறகு மொத்தமும் எழும்பி வானத்தில் அந்தக் கூத்து. வல்லூறு ஏதாவது பாய்ந்தால் கூட்டம் இறுகிப் பந்தாகிவிடும். குறி வைக்க ஒற்றைப் பறவை அகப்படாமல் வல்லூறு திகைத்து நிற்கும். கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஐரோப்பாவில் இருக்கும் இதன் உறவுப் பறவைகளை ரோம் நகரில் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் தன் அருகிலிருக்கும் ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது, அதுவே மொத்தக் கூட்டத்தையும் ஒன்றாய்த் திருப்பப் போதுமானது என்று 2008-ல் சொன்னார்கள்.

இருட்டியதும் அடர்ந்த மரங்களிலோ, சீமைக்கருவேல் முட்புதரிலோ, ஏரி நாணலிலோ அடையும். அடைந்த பிறகும் இடத்துக்கான சண்டை ஓயாது. விடியலில், சூரியன் தலைகாட்டும் முன்பே, அலை அலையாய்க் கிளம்பிவிடும்.

தங்கவயல்காரர்களுக்கு இந்த நேரக்கணக்கு புதிதல்ல. சுரங்கச் சங்கு ஊதி ஊரையே எழுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாய் வந்தவர்களின் வாழ்வு அந்தச் சங்குக்குள் அடங்கியிருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, பிழைப்புக்கு ரயில்தான் கதி. மாரிக்குப்பத்தில் விடியுமுன் ஏறி, ஊர்காம், கோரமண்டல் நிலையங்களில் நிரம்பி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு போய், இரவு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்கள் பறவை பறக்கும் நேரத்தில் புறப்பட்டு, அது அடைந்து வெகுநேரம் கழித்துத்தான் வீடு சேர்கிறார்கள்.

தங்கும் மரத்துக்கு அடியில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லை உண்டு என்பதை மறுக்க முடியாது. தரையெல்லாம் எச்சம், இரவு முழுதும் நாற்றம், காயப்போட்ட துணி பாழ். பட்டாசு வெடித்து விரட்டுவது, கிளையைக் கழிப்பது என்று சில ஊர்களில் செய்வதும் உண்டு. விரட்டினால் பறவை அடுத்த தெருவுக்குத்தான் போகும். மரத்தை வெட்டினாலோ பறவையும் போகும், கோடை நிழலும் போகும். மேட்டுப் புழுதி பறக்கும் ஊரில் ஒரு நிழல் மரத்தின் விலை என்ன என்பதை வெளியூர்க்காரர் சொல்லித் தங்கவயலுக்குத் தெரிய வேண்டியதில்லை. பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விருந்தாளியா, வீட்டுக்காரனா?

இந்தப் பறவையை 'குளிர்கால விருந்தாளி' என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். பிறந்த நாட்டுக்கு மே மாதத்தில் போகிறது. சுமார் இரண்டு வாரம் அடைகாத்து, மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாய்க் குஞ்சு வளர்த்து, ஜூலையிலேயே மூட்டை கட்டிவிடுகிறது. ஆகஸ்டில் முதல் கூட்டங்கள் வடமேற்கு இந்தியாவில் இறங்கிவிடும். அங்கிருந்து தெற்கே நகர்ந்து, கர்நாடகம், தமிழகம், இலங்கை வரை பரவி, ஏப்ரல் வரை இங்கேதான் ஜாகை. வருடத்தில் ஏழெட்டு மாதம் இந்தியாவில் சாப்பிட்டுத் தூங்கி, முட்டையிட மட்டும் வெளியே போய்வரும் ஜீவனை விருந்தாளி என்பதா, பிரசவத்துக்குத் தாய்வீடு போய்வரும் மருமகள் என்பதா? தங்கவயலிலேயே பிறந்து, பாட்டன் பூட்டனையும் அங்கேயே புதைத்தவர்களிடம், "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பங்குனி கழிவதற்குள் கூட்டங்கள் பெருத்து, பரபரப்பும் கூடும். இலவம்பூ உதிர்ந்து தரையில் கிடக்கும். பழுப்பெல்லாம் தேய்ந்து, ரோஜா நிறம் உச்சத்தில் இருக்கும் அந்தச் சமயத்தில்தான் அவை கிளம்பும். சித்திரைக் கத்திரி தொடங்கும்போது தங்கும் மரத்தில் நாட்டு மைனாக்கள் மட்டும் மிச்சம். அடுத்த ஐப்பசியில் திரும்பி வரும் கூட்டத்தில், தங்கவயலை ஒருநாளும் பார்த்திராத மண் நிறக் குஞ்சுகளும் இருக்கும். பழுத்த ஆலமரம் எங்கே நிற்கிறது என்பதை அவை பெரியவற்றின் பின்னால் பறந்தே தெரிந்துகொள்ளும்.